வலப்பக்கம் சாயும் தண்ணீர்

தண்ணீர் சாயாது. பாத்திரத்தை எந்தப் பக்கம் சரித்தாலும் அது மட்டும் மட்டமாக நின்றுவிடும். அதனால் நீச்சல் குளத்தில் படம் எடுப்பவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. கேமரா ஓர் இழை இடப்பக்கம் சாய்ந்தால் போதும், படத்தில் குளமே வலப்பக்கம் இறங்கிவிடும்.

என் கணவர் போன பிறகு நான் எடுத்த படங்களில் எல்லாம் குளம் வலப்பக்கம் இறங்கியிருந்தது.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே தொழில். நீச்சல் சங்கத்தின் போட்டிகளை அவர் படமெடுப்பார். நான் இன்னொரு கேமராவோடு பதக்கம் வாங்குபவர்களையும் பெற்றோரையும் எடுப்பேன். அவர் தங்கை, என் நாத்தனார், முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைப் பிரித்து, திருத்தி, சங்கத்துக்கு அனுப்புவாள். குளத்தை வைத்துத்தான் பிழைப்பு, ஆனால் அவள் ஒரு நாளும் தண்ணீரில் கால் வைத்ததில்லை. அதற்காகவே அவர் அவளை வாத்து என்று கூப்பிடுவார்.

அவருக்குச் சாய்த்து எடுக்கும் பழக்கம் இருந்தது. மோனோபாடை, அந்த ஒற்றைக்கால் கேமராத் தாங்கியை, ஊன்றிக்கொண்டு லேசாக இடப்பக்கம் ஒருக்களித்து நிற்பார். வெளியே யாருக்கும் அது தெரியாது. நாத்தனார் ஒவ்வொரு படத்தையும் நிமிர்த்திவிட்டுத்தான் அனுப்புவாள்.

"அண்ணா, உன் படத்தைப் பாத்தா தண்ணியெல்லாம் ஒரு மூலைக்கு ஓடி, நீச்சல்காரங்க வெறும் தரையில உருளுவாங்க போலிருக்கு."

"அதுக்குத்தானே, வாத்து, உன்னைச் சோறு போட்டு வச்சிருக்கேன். நேர் பண்ணு."

"ஆமா, நீ ஆக்கிப் போட்ட சோறு பாரு. அண்ணி, கேட்டீங்களா கதையை?"

இப்படியே நடந்துகொண்டிருந்தது. அவர் இடுப்பு எலும்பில் இருந்ததை மருத்துவமனையில் கண்டுபிடித்தபோது அது வேறு எங்கெங்கோ போய்விட்டிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவர் இல்லை.

பிறகு பெரிய கேமராவை நான் எடுத்துக்கொண்டேன். வேறு யார் எடுப்பது? நீண்ட லென்ஸ், அவருடைய பழைய அலுமினிய மோனோபாட். அவர் அதை ஒத்தக்காலன் என்பார். குளோரின் பட்டுப் பட்டு அதன் மேல்பூச்சு பொரிந்திருந்தது. கைப்பிடி நுரை அவர் விரல்கள் இருந்த இடங்களில் அமுங்கிப் பளபளத்தது. என் விரல்கள் அந்தப் பள்ளங்களில் சேரவில்லை. சேராத இடத்திலேயே பிடித்துக்கொண்டேன்.

முதல் போட்டிப் படங்களை ஏற்றிவிட்டுச் சமையலறையில் இருந்தேன். முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி. கொஞ்சம் இங்க வாங்க."

போனேன். திரையில் இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒன்று நான் எடுத்தது. இன்னொன்று அவர் கடைசியாக எடுத்த போட்டி, அவள் நிமிர்த்துவதற்கு முந்தைய மூலப்படம். நீந்தும் தடங்களைப் பிரிக்கும் மிதவைக் கயிறுகள் இரண்டிலும் ஒரே அளவு வலப்பக்கம் இறங்கின. ஒரு படத்தின் கயிற்றை நீட்டினால் மற்றதன் கயிற்றோடு ஒட்டிவிடும் போல இருந்தது.

"இது நீங்க எடுத்ததா?"

"நான்தான்டி. வேற யாரு?"

"எத்தனை வருஷமா இதை நிமிர்த்தியிருக்கேன். இந்த அளவு என் கைக்குத் தெரியும் அண்ணி. இது அண்ணனோட சாய்வு."

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படங்கள் அப்படியே சங்கத்துக்குப் போயின.

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. ஏனென்றால் குளக்கரையில் எனக்கும் ஒன்று நடந்திருந்தது. மோனோபாடை ஊன்றி, கண்ணை வைத்து, குளத்தின் எதிர்விளிம்பு மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். மட்டமாகத்தான் இருக்கும். விசில் அடித்து, நீந்துபவர்கள் பாய்ந்து, என் கவனம் அவர்கள் மேல் போனதும், யாரோ வலப்பக்கத்திலிருந்து என்மேல் மெல்லச் சாய்வது போல இருக்கும். தள்ளுவது இல்லை. நெரிசலான பேருந்தில் பக்கத்தில் நிற்பவர் தூங்கிச் சரிகிற மாதிரி, தன் பாரத்தைக் கொஞ்சம் நம்மிடம் கொடுக்கிற மாதிரி. நிமிர்த்துவேன். மறுபடி வரும்.

சில வாரங்களில் நான் நிமிர்த்துவதை விட்டுவிட்டேன். வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு நிற்கப் பழகினேன். ஒரு முறை பயிற்சியாளர் அந்த இடத்தில் வந்து நின்றபோது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

வீட்டிலும் அப்படித்தான். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் நாத்தனார் முதல் படத்தைத் திறப்பாள். நான் அவள் பின்னால் நிற்பேன். இரண்டு பேரும் கயிறுகளைப் பார்ப்போம். சாய்ந்திருக்கும். "வந்திருக்கான்," என்பாள், வெளியூர் போனவன் வீடு திரும்பியது போல. பிறகு தேநீர் போடப் போவேன்.

சங்கத்தின் செயலாளர் நல்ல மனிதர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த அந்த விசிலைத்தான் ஊத வேண்டும் என்று என் கணவர் சொல்வார். ஒரு நாள் செயலாளர் என்னை நுழைவாயில் பலகை முன்னால் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் கொடுத்த படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. வரிசை நேராக இருந்ததால் உள்ளே இருந்த சாய்வு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

"மேடம், இதைப் பாத்துட்டு ஒரு அப்பா என்கிட்ட கேக்குறார், உங்க குளத்துக்கு அஸ்திவாரம் இறங்கிடுச்சான்னு. இன்னொருத்தங்க தலையைச் சாய்ச்சே பாத்துட்டு, கழுத்து பிடிச்சுக்கிச்சுன்னு போனாங்க. உங்க வீட்டுக்காரர் படமெல்லாம் எவ்வளவு நேரா இருக்கும்!"

நான் படங்களில் இருந்த கயிறுகளைப் பார்த்தேன்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது மேடம். ஆனா ஆண்டுப் போட்டி வருது. வெளியூர் சங்கங்கள் எல்லாம் வருவாங்க. கமிட்டில வேற ஆளைப் பாருன்னு சொல்றாங்க. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். இந்த ஒரு போட்டி நேரா குடுத்துடுங்க. மறுபடியும் சாஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னேன். அந்த வேலை போனால் எங்களுக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்க அந்த வேலையைத் தவிரக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"பழைய மாதிரி நீ நிமிர்த்திட்டா முடிஞ்சுதுடி."

"என்னால முடியாது அண்ணி."

"அவர் இருக்கார்னு தெரியறது நமக்குப் போதும். ஊருக்கு எதுக்கு?"

"அதுக்கில்ல." எழுந்துகொண்டாள். "என்னால நேர் பண்ண முடியாது. கேக்காதீங்க."

நானே உட்கார்ந்து செய்திருக்கலாம். ஆனால் அந்த நாற்காலி அவளுடையது.

அப்போதுதான் மோனோபாடை மாற்றுவது என்று முடிவு செய்தேன். அலுமினியத்தையும் லென்ஸையும் நாள் முழுக்கத் தூக்கி என் தோள்பட்டை போய்விட்டது என்று சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. நாத்தனார் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நான் செருப்பு போடும்போது பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

கடைக்காரர் ஒல்லியானவர், அவரே ஒரு மோனோபாட் மாதிரி. எங்களை உட்காரவைத்துவிட்டு ஒரு கறுப்புக் குழாயை என் கையில் போட்டார். போட்டதும் என் கை மேலே எழும்பிவிட்டது. அலுமினியத்துக்குத் தயாராக இருந்த கை.

"கார்பன் ஃபைபர் மேடம். எடையே தெரியாது. குளிர்ல பிடிச்சா சில்லுன்னு இருக்காது. தண்ணி, குளோரின், ஒண்ணும் அரிக்காது."

"இது கம்பா, குடைக் காம்பா?" என்றாள் நாத்தனார். "பெரிய லென்ஸை வச்சா வளைஞ்சு கும்பிடு போடும்."

"இதுமேல ஆளே சாஞ்சு நின்னாலும் தாங்கும்மா."

"ஆள் சாஞ்சு நிக்குதான்னுதான் பாக்க வந்திருக்கோம்."

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொழிலுக்குத் திரும்பினார். ஐந்து அடுக்கு உள்ளது மடித்தால் கைப்பைக்குள் போய்விடும், ஆனால் கடைசிக் குழாய் பென்சில் போல மெலிந்திருந்தது. நான்கு அடுக்கு மடித்தாலும் நீளம், ஆனால் அடிக்குழாய் தடியாக இருந்தது. நான் நான்கு அடுக்கை எடுத்து, முழுக்க நீட்டி, கேமராவை மாட்டி, குனியாமல் என் கண்ணுக்கு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. இன்னும் ஒரு சாண் மிச்சமும் இருந்தது. அவர் உயரத்துக்கு என்று நினைத்தேன். நாத்தனாரும் அந்த மிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருகுற பூட்டு மேடம். கால் சுத்து திருகினா போதும், மல்லுக்கட்டாதீங்க. நீட்டும்போது தடியான குழாய்ல ஆரம்பிங்க. குளத்துல இருந்து வந்ததும் எல்லாத்தையும் நீட்டிக் காயவச்சிட்டு மடிங்க. அடி ரப்பர் தேஞ்சா திருகிக் கழட்டி வேற போட்டுக்கலாம்."

"பழைய கம்பு ரப்பரையும் கழட்ட முடியுமா?" என்று ஏனோ கேட்டேன்.

"முடியும். அடியில திருகிப் பாருங்க, வந்துடும்."

காலைப் பயிற்சியில் புதியதைப் பழகினேன். அது என்னிடம் வேறு விதமாக நடந்துகொண்டது. பழையது ஊன்றினால் தன் பாரத்திலேயே நிற்கும். இதை நான்தான் நிற்கவைக்க வேண்டியிருந்தது. அடியை இடது பாதத்தின் உட்புறத்தில் அணைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, கேமராவை மேலிருந்து லேசாக அழுத்தி, மூச்சை விட்டு முடிக்கும்போது எடுக்க வேண்டும். நீந்துபவரோடு திரும்பும்போது கையால் திருப்பாமல் இடுப்பால் திரும்ப வேண்டும். என் இரண்டு காலும் அதன் ஒரு காலும் சேர்ந்தால்தான் மூன்று. வலப்பக்கம் வழக்கம்போல இடம் விட்டிருந்தேன். விசில் ஒலித்தது. பாய்ந்தார்கள். நான் காத்திருந்தேன்.

யாரும் சாயவில்லை.

மாலையில் நாத்தனார் முதல் படத்தைத் திறந்தாள். கயிறுகள் அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி இருந்தன. அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாவற்றையும் பார்த்து முடித்தாள்.

"நேரா இருக்கு."

"ம்."

"அனுப்பிட்டீங்க."

சங்கத்துக்குப் படம் அனுப்பியதை அவள் சொல்லவில்லை, அவரைத்தான் சொன்னாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, எந்தப் பாத்திரமும் நிறையாமல்.

அந்த வாரம் வீட்டில் நாங்கள் இருவரும் மூன்றாம் ஆளுக்கு வழிவிட்டு நடப்பதை நிறுத்தினோம். அப்போதுதான் அதுவரை அப்படி நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. முன்னறையில் அவர் நாற்காலியைச் சுற்றிப் போகாமல் அதில் இடித்துக்கொண்டேன். துணி மடிக்கும்போது அவருடைய தோள் அகலத்துக்கு மடித்துவிட்டுப் பிரித்தேன். பழைய மோனோபாட் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது. போகும்போதும் வரும்போதும் அதன் கைப்பிடிப் பள்ளங்கள் கண்ணில் பட்டன.

ஆண்டுப் போட்டிக்கு முந்தைய வாரம், ஒரு பிற்பகலில், அதைத் துடைத்து உறையில் போட்டு மேலே வைத்துவிடலாம் என்று எடுத்தேன். துடைப்பதற்காக நீட்டி, கூடத்துத் தரையில் என் வலப்பக்கம் நிமிர்த்தி, மேல் நுனியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டேன். கேமரா இல்லை, லென்ஸ் இல்லை, குளம் இல்லை. அது மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து, என் வலது தோளில் வந்து அதே பாரத்தோடு நின்றது.

அப்படியே நின்றேன். அவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போல. பிறகு மெல்ல நிமிர்த்தினேன். மறுபடி சாய்ந்தது. அதே பக்கம், அதே அளவு. மூன்றாவது முறை நான் கீழே பார்த்தேன்.

அடி ரப்பரின் இடது ஓரம் தேய்ந்து சரிவாக இருந்தது. வீட்டுச் செருப்பின் குதி ஒரு பக்கம் தேய்வது போல. பாரம் ஏறினால் அந்தச் சரிவில்தான் கம்பு உட்காரும். குழாய்கள் சுழலாதபடி உள்ளே பள்ளம் வெட்டியவை, கேமராத் தட்டை அவர் ஒரே திசையில் இறுக்கிவைத்திருந்தார். எனவே எப்போதும் ஒரே பக்கம். அவ்வளவுதான். ஒரு ரப்பர் குமிழ்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இறந்த செய்தி இரண்டாம் முறை வந்தது போல இருந்தது.

அடியைத் திருகிக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். தேய்ந்த பக்கத்தில் ஒரு மெல்லிய கறுப்புத் துண்டு ஒட்டியிருந்தது. பிறைபோல வெட்டி, உப்புத்தாள் போட்டு ஓரத்தை மழுக்கி, பசை வெளியே வழியாமல் ஒட்டியிருந்தது. அந்தச் சுத்தம் அவர் கை வேலை. அந்தத் துண்டும் நடுவில் தேய்ந்து, கீழே பழைய ரப்பர் தெரிந்தது.

நாத்தனாரைக் கூப்பிட்டேன். வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் கம்பை நிமிர்த்தி விரலை எடுத்துக் காட்டினேன். அது சாய்ந்தது. ரப்பரைக் கையில் கொடுத்தேன். வெகு நேரம் தேய்மானத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இதைப் பேயின்னு நினைச்சு நேர் பண்ண மாட்டேன்னேன்னு நினைக்கிறீங்களா?"

"பின்ன?"

"ஆரம்பத்துல கொஞ்சம்தான் சாஞ்சிருந்துச்சு அண்ணி. அப்புறம் கூடிக்கிட்டே போச்சு. ஒவ்வொரு போட்டிக்கும் நான் கூடுதலாத் திருப்ப வேண்டியிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. என் கைக்குத் தெரிஞ்சுது. கிண்டல் பண்ணிக்கிட்டே நிமிர்த்தினேன். இடுப்பு வலிக்காம ஒரு மனுஷன் அப்படிச் சாய்வானா? ஒருத்தராவது அந்தப் படத்தைச் சாஞ்ச மாதிரியே பாத்திருந்தா, என்னய்யா உனக்கு, ஏன் இப்படி நிக்கிறன்னு கேட்டிருப்பாங்க. யாரும் பாக்காம நான் அழிச்சுட்டேன். அழகா. ஒவ்வொண்ணா."

குரல் உடையவில்லை. பலநாள் மனப்பாடம் செய்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"அடியில ஒட்டியிருக்கறதைப் பாரு," என்றேன்.

குனிந்து பார்த்தாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தாள்.

"இது சைக்கிள் டியூபு."

"ம்."

"என் சைக்கிள் டியூபு! பஞ்சர் டப்பா காணோம்னு வீட்டையே தலைகீழாப் புரட்டினேனே. பக்கத்து வீட்டுக்காரரை ஒரு மாசம் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்ககூட அவர் முகத்தைப் பாத்தா அப்படித் தெரியலையேன்னீங்க." நிறுத்தினாள். "அண்ணன் எதுக்கு…"

அவளே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன்.

"சாய்வு தெரியக் கூடாதுன்னு," என்றாள். "எனக்குத் தெரியக் கூடாதுன்னு. நான் நிமிர்த்தறதுக்கு முன்னாடியே அவனே நிமிர்த்தப் பாத்திருக்கான்."

"அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. நீ மறைக்கல. நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாம அவர் மறைச்சிருக்கார். உன் டப்பாவைத் திருடி."

"திருட்டுப் பய," என்றாள். பிறந்ததிலிருந்து அண்ணா என்று கூப்பிட்டவள். "திருட்டுப் பய அண்ணி அவன்." சிரிப்பு வந்தது அவளுக்கு. அது சிரிப்பாகவே கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு இல்லை. நான் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் என் தோளில் சாய்ந்தாள். வலப்பக்கத்திலிருந்து, தன் பாரம் முழுவதையும் கொடுத்து. கம்பு கொடுத்ததைவிட அது மிகவும் கனமாக இருந்தது.

ஆண்டுப் போட்டியன்று அந்தப் பழைய ரப்பர் அவள் மேசை இழுப்பறையில் இருந்தது. அவளே வைத்து மூடியதை நான் பார்த்தேன். கார்பன் மோனோபாடோடு காலையிலிருந்து குளக்கரையில் நின்றேன். கேலரி நிறைந்திருந்தது. செயலாளர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் கேமராவின் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, விசிலைத் தொட்டுக்கொண்டு திருப்தியாகப் போனார். கடைசியாக முதியோர் பந்தயம் முடிந்தபோது என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய கம்பாக இருந்தால் தோள் கழன்றிருக்கும்.

வீட்டில் படங்களை ஏற்றிவிட்டு, புதிய மோனோபாடின் குழாய்களை நீட்டி, துணியால் துடைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் மவுஸின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நின்றது.

"அண்ணி. இங்க வாங்க."

அதே குரல். போனேன்.

திரையில் முதியோர் பந்தயம். வெள்ளைத் தலை ஒன்று தண்ணீரைப் பிளந்துகொண்டு வருகிறது. கயிறுகள் வலப்பக்கம் இறங்கியிருந்தன. அந்த ஒரு படம் மட்டும். அளவு எனக்கும் தெரிந்தது.

அவள் இழுப்பறையைத் திறந்தாள். ரப்பர் உள்ளே இருந்தது. மூடினாள். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாள் முழுக்க நின்றதில் என் வலது இடுப்பு மரத்துப் போயிருந்தது உண்மை. கம்பில் சாய்ந்திருப்பேன். சாய்ந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் எதிர்பார்த்தது அவள் "வந்திருக்கான்" என்பாள் என்று. அவள் நாற்காலியை என் பக்கம் முழுக்கத் திருப்பினாள். என் முகத்தை, தோளை, நான் எந்தக் காலில் நிற்கிறேன் என்பதை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அண்ணி, உங்களுக்கு எங்கயாவது வலிக்குதா?"

"ஒண்ணுமில்லடி. காலையில இருந்து நின்னது. இடுப்பு."

"எந்தப் பக்கம்?"

"வலது."

"எத்தனை நாளா?"

"இன்னிக்குத்தான். சும்மா நின்ன வலி. தூங்கினாப் போயிடும்."

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"இதுக்கெல்லாமா? வேலை கிடக்கு."

"உங்களைக் கேக்கல அண்ணி. சொல்றேன். போறோம். இப்ப உக்காருங்க."

அவர் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். நான் உட்கார்ந்த பிறகுதான் திரைக்குத் திரும்பினாள். மவுஸைப் பிடித்தாள். எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அவள் பார்க்கவே இல்லை. கை தானாகப் போனது. குளம் மெல்ல எழுந்து மட்டமாக நின்றது.